சீருடையும் சிவப்பு விளக்கும்

இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் ஒரே ஒரு கேள்வி. அவசர அழைப்பு எதுவும் இல்லாத நேரத்தில் வண்டி ஓட்டிச் செல்லும் காவலர், சாலையில் செல்லும் மற்றவர்களைப் போலவே போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்பட்டவரா, இல்லையா? 'கட்டுப்பட்டவர்தான், இதில் பேச என்ன இருக்கிறது?' என்றே யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் சட்டப் புத்தகத்தில் தெளிவாக இருக்கும் இந்த விடை சாலைச் சந்திப்புக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு தேய்ந்துவிடுகிறது என்பதையும், அப்படித் தேய்வதால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுகளோடு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இது சிறிய கேள்வி அன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. அவ்வாண்டில் இங்கு நடந்தவை 64,105. தலைக்கவசம் அணியாத நிலையில் நாடு முழுவதும் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்தச் சாவுகளைக் குறைக்க நாட்டின் கையில் இருக்கும் முதன்மையான கருவி காவல்துறை. அந்தக் கருவி எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறதோ அந்த அளவுக்குத்தான் விதியும் மதிக்கப்படும் என்பதால், கருவியைக் கையாள்பவரின் சொந்த நடத்தை அவருடைய தனிப்பட்ட ஒழுக்கம் சார்ந்த செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், காவல் வாகனம் ஆகியவற்றுக்குச் சாலையில் முன்னுரிமை தருகின்றன. சிவப்பு விளக்கைக் கடக்கலாம், வேக வரம்பை மீறலாம், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலும் செல்லலாம். ஆனால் இவை நிபந்தனையோடு கூடிய சலுகைகள். வண்டி அவசரப் பணியில் இருக்க வேண்டும். அதாவது உயிரைக் காக்கவோ, பெருந்தீங்கைத் தடுக்கவோ, பொது ஒழுங்குக்கு வந்திருக்கும் ஆபத்தை விலக்கவோ அது விரைந்துகொண்டிருக்க வேண்டும். பல வண்ணச் சுழல்விளக்கு எரிய வேண்டும். சைரன் ஒலிக்க வேண்டும். அப்போதும் ஓட்டுநர் உரிய எச்சரிக்கையோடுதான் செல்ல வேண்டும். இந்த நிபந்தனைகள் இல்லாத நேரத்தில் காவல் வாகனமும் பெயர்ப்பலகை ஒட்டிய மற்றுமொரு வாகனமே.

இங்கிலாந்திலும் நிலை இதுவே. 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் பணிகளுக்குப் பயன்படும் வண்டிகளை வேக வரம்பிலிருந்து விலக்குகிறது. விலக்கிய கையோடு, அந்தக் குறிப்பிட்ட சமயத்தில் அந்த வண்டி ஏற்றிருக்கும் பணிக்கு வேக வரம்பு தடையாக இருக்குமானால் மட்டுமே அந்த விலக்கு செல்லும் என்றும் வரையறுக்கிறது. ஓட்டுபவர் யார் என்று இரு நாட்டுச் சட்டங்களும் கேட்கவில்லை. வண்டியின் நிறம் என்ன என்றும் கேட்கவில்லை. அவை கேட்பது வேறொன்று: அந்த வண்டி அப்போது எந்த வேலையாகப் போயிற்று?

அவையோர் இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் இந்திய நீதிமன்றங்களும் அரசு வாகனம் மோதி யாரேனும் இறந்தபோதெல்லாம் இதையே கேட்டு வந்திருக்கின்றன. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ராஜஸ்தானின் உதய்ப்பூரில், மாவட்ட ஆட்சியரின் பயன்பாட்டுக்கான அரசு ஜீப் ஒன்று பழுதுபார்க்கப்பட்டுப் பட்டறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் தற்காலிக ஊழியர். வழியில் நடைபாதையில் நடந்து சென்றுகொண்டிருந்த ஒருவர்மீது ஜீப் மோதியது. மூன்று நாள்களுக்குப் பிறகு அவர் மருத்துவமனையில் இறந்தார். மனைவியும் மகளும் வழக்குத் தொடுத்தார்கள். அரசோ, அரசின் ஊழியர் செய்த தவறுக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது என்று வாதிட்டது. 1962ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, 15,000 ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. பட்டறையிலிருந்து திரும்பும் ஜீப்புக்கும் தனியார் நிறுவனத்தின் ஜீப்புக்கும் என்ன வேறுபாடு இருக்கிறது? கூரையில் அரசின் பெயர் எழுதியிருப்பதால் நடைபாதையில் போனவரின் உயிருக்கு விலை குறைந்துவிடுமா? தீர்ப்பின் உள்ளே இருப்பது இந்த நியாயமே.

1967இல் தில்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. விமானப்படையின் வண்டி ஒன்று ஹாக்கி ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு ஏற்றிச் சென்ற பயணத்தை ஒட்டி ஓர் உயிர் பலியானது. படை வண்டி, படைவீரர் ஓட்டினார், ஆகவே இது அரசின் இறையாண்மைச் செயல், அதாவது தனியார் எவரும் செய்ய இயலாத, அரசால் மட்டுமே ஆகும் செயல் என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஹாக்கி ஆட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்வது எந்த இறையாண்மைச் செயல்? சில ஆண்டுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கின் முடிவு மனத்தைக் கனக்கச் செய்வது. கடற்படைக் கப்பலுக்குக் கரியமில வாயு ஏற்றிச் சென்ற ராணுவ லாரி பத்து வயதுச் சிறுவன் ஒருவன்மீது மோதியது. கப்பலுக்குப் பொருள் வழங்குவது பாதுகாப்புப் பணி என்பதால் அரசு பொறுப்பாகாது என்று முடிவு செய்த நீதிமன்றம், கருணைத் தொகையாக 10,000 ரூபாய் வழங்கும்படி பரிந்துரைப்பதோடு நிற்க நேர்ந்தது. லாரிக்குப் போர்க்கால அவசரம் எதுவும் இருக்கவில்லை. பணி மட்டுமே இருந்தது. பணி வேறு, அவசரம் வேறு என்ற வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டால் இழப்பு யார் தலையில் விடியும் என்பதற்கு அந்தச் சிறுவனே சான்று. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் இன்று அத்தகைய வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை என்பது ஆறுதலான வளர்ச்சி.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், விதி மீறும் காவலரைத் தடுக்கப் போவது யார்? அவரைத் தடுக்க வேண்டியவரும் காவலரே. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த வேரைத் தோண்டிப் பார்த்த நிகழ்வு ஒன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

2011ஆம் ஆண்டு அக்டோபர் 11, விடியற்காலை. மாநில நெடுஞ்சாலைக் காவல் படையைச் சேர்ந்த பெண் காவலர் ஒருவர் ரோந்தில் இருந்தபோது, மயாமி நகரக் காவல்துறையின் கார் ஒன்று மற்ற வண்டிகளுக்கு இடையே புகுந்து புகுந்து விரைவதைக் கண்டார். வேகம் மணிக்கு 120 மைலுக்கு மேல். ஏறத்தாழ 193 கிலோமீட்டர். பின்தொடர்ந்தார். சைரன் ஒலித்தும் அந்தக் கார் சில நிமிடங்கள்வரை நிற்கவே இல்லை. கார் திருடப்பட்டிருக்குமோ என்ற ஐயமும் எழக்கூடிய நிலை. இறுதியில் கார் நின்றதும் துப்பாக்கியை நீட்டியபடி நெருங்கி, ஓட்டியவருக்கு விலங்கு பூட்டினார். ஓட்டியவர் சீருடையில் இருந்த மயாமி காவலர். அழைப்பு எதுவும் இல்லை. துரத்தப்பட வேண்டிய குற்றவாளியும் இல்லை. பணி நேரத்துக்கு வெளியே ஊதியத்துக்காக ஒப்புக்கொண்ட வேறொரு காவல் வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதே அவர் சொன்ன காரணம்.

இத்தோடு முடிந்திருந்தால் அது ஒருநாள் செய்தி. அதன்பின் நடந்தவைதான் கவனிக்கத் தக்கவை. சட்டத்தை நிறைவேற்றிய அந்தப் பெண் காவலருக்குத் தொல்லைகள் தொடங்கின. மிரட்டும் தொலைபேசி அழைப்புகள் வந்தன. கேட்காத பீட்சா வீட்டு வாசலுக்கு வந்தது. அவருடைய ஓட்டுநர் உரிமப் பதிவில் இருக்கும் முகவரி முதலிய விவரங்களை, எந்த அலுவலகத் தேவையும் இன்றி, 25 காவல் அமைப்புகளைச் சேர்ந்த 88 காவலர்கள் மூன்றே மாதங்களில் 200 முறைக்கு மேல் எடுத்துப் பார்த்தார்கள் என்று அவர் பின்னர் வழக்குத் தொடுத்தார். குற்றவாளியைத் தேடுவதற்காக அரசு கொடுத்த கணினி வசதி, சக காவலரைப் பிடித்த ஒருவரைத் தேடப் பயன்பட்டது. 'நம்மவரை நாமே பிடிப்பதா?' என்ற குழு உணர்வு எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

இந்த நேரத்தில் தென் புளோரிடாவின் 'சன் சென்டினல்' நாளிதழைச் சேர்ந்த சாலி கெஸ்டின், ஜான் மெய்ன்ஸ் என்ற இரு செய்தியாளர்கள் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். இது ஒருவரோடு நிற்கிற பழக்கமா, ஊர்ப் பழக்கமா? அதை அறிய அவர்கள் கையாண்ட வழி, கணக்குப் பாடம் படித்த பள்ளி மாணவருக்கும் விளங்கக்கூடியது. காவல் கார்களிலும் சுங்கச்சாவடிகளில் தானே கட்டணம் பதிவாகும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் இன்று வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் ஃபாஸ்டேக் போன்றது. ஒரு சாவடியை வண்டி கடந்த நேரமும் அடுத்த சாவடியைக் கடந்த நேரமும் அரசுப் பதிவில் இருந்தன. பொது ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையின்படி அந்தப் பதிவுகளை வாங்கினார்கள். சாவடிகளுக்கு இடையே உள்ள தொலைவைத் தாங்களே வண்டியோட்டி அளந்தார்கள். தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். அவ்வளவுதான்.

வந்த விடை அந்த வட்டாரத்தையே உலுக்கியது. ஏறத்தாழ ஒரு டஜன் காவல் அமைப்புகளைச் சேர்ந்த 800 பேருக்கு அருகான காவலர்கள் 13 மாத காலத்தில் மணிக்கு 90 மைல் முதல் 130 மைல்வரையிலான வேகத்தில், அதாவது 145 முதல் 209 கிலோமீட்டர்வரை, சென்றிருந்தார்கள். அவர்களில் பலர் பணியில் இல்லாதவர்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட காவல் காரில் வேலைக்குப் போகும்போதும் வீடு திரும்பும்போதும் அந்த வேகம். 2004 முதல் அந்த மாநிலத்தில் காவலர்களின் மிகுவேகத்தால் நிகழ்ந்த விபத்துகள் குறைந்தது 320, இறந்தவர்கள் 19 பேர், சிறைக்குச் சென்ற காவலர் ஒரே ஒருவர், அதுவும் 60 நாள் என்று அந்த இதழ் எழுதியது. 2013ஆம் ஆண்டில் பொதுச்சேவைக்கான புலிட்சர் விருது அந்த ஆய்வுக்கு வழங்கப்பட்டது. விருதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. தவறு செய்த பலர்மீது நடவடிக்கை வந்தது. சிலர் காரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமையை இழந்தனர். அந்த மயாமி காவலர் 2012இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தங்கள் வேகமும் எண்ணப்படுகிறது என்று தெரிந்த பிறகு அந்த வட்டாரக் காவலர்களின் மிகுவேகம் வெகுவாகக் குறைந்தது. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இருந்த பதிவை யாரோ எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள்; அது போதுமானதாக இருந்தது.

புளோரிடா நெடுந்தொலைவில் இருக்கிறது. ஆனால் நாங்குநேரி? 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர், சீருடையில் இருப்பதால் பயணச்சீட்டு எடுக்கத் தேவையில்லை என்று நடத்துநரோடு வாதிட்ட காட்சி எங்கும் பரவியது. பணி நிமித்தமான பயண ஆணை, அதாவது வாரண்ட், கையில் இருந்தால் அன்றிக் காவலரும் பயணச்சீட்டு எடுத்தே ஆக வேண்டும் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் தந்தது. அடுத்து நடந்தது என்ன? பல ஊர்களில் அரசுப் பேருந்துகள் நிறுத்தக்கூடாத இடத்தில் நின்றதற்கும், ஓட்டுநர் சீட் பெல்ட் அணியாததற்கும் போக்குவரத்துக் காவலர்கள் வரிசையாக அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். உள்துறைச் செயலரும் போக்குவரத்துத் துறைச் செயலரும் பேசித் தீர்க்க வேண்டிய அளவுக்கு அது வளர்ந்தது. அந்தப் பேருந்துகள் அதற்கு முந்தைய வாரமும் அதே இடத்தில்தானே நின்றன? அந்த ஓட்டுநர்கள் அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தானே ஓட்டினார்கள்? விதி சரியானதே, அபராதமும் சட்டப்படி சரியானதே. ஆனால் பழிக்குப் பழியாக எழுதப்படும் சலான், பார்த்துக்கொண்டிருக்கும் பொதுமக்களுக்குக் கற்பிப்பது சாலைப் பாதுகாப்பை அன்று. சட்டம் ஆளைப் பார்த்து வேலை செய்யும் என்பதைத்தான் அது கற்பிக்கிறது.

அன்றாடக் காட்சி ஒன்றையும் அவையோர் எண்ணிப் பார்க்கலாம். வாகனச் சோதனை நடக்கும் இடத்தில், தலைக்கவசம் இல்லாமல் வரும் ஒருவரை நிறுத்தும்படி காவலர் கைகாட்டுகிறார். வந்தவர் வேகத்தைக்கூடக் குறைக்காமல், தாமும் காவல்துறையைச் சேர்ந்தவர் என்று பொருள்படும்படி 'ஸ்டாஃப்' என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். நீட்டிய கை தாழ்கிறது. அடுத்த வண்டியை நோக்கி மீண்டும் நீள்கிறது. அடுத்து வந்தவர் பக்கத்துத் தெருவிலிருந்து பால் பாக்கெட் வாங்க வந்தவர். அவர் பெயரில் 1,000 ரூபாய்க்குச் சலான் எழுதப்படுகிறது. அவர் அந்தத் தொகையைக் கட்டுவார். ஆனால் அன்று வீட்டுக்குப் போய்த் தம் மகனிடம் தலைக்கவசத்தைப் பற்றி என்ன சொல்வார்? 'போட்டுக்கொண்டு போ, உயிர் முக்கியம்' என்று சொல்வாரா, 'அந்தப் பக்கம் போகாதே, பிடிக்கிறார்கள்' என்று சொல்வாரா?

அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1990இல் வெளியிட்ட, மக்கள் சட்டத்துக்கு ஏன் கட்டுப்படுகிறார்கள் என்பதை ஆராயும் நூல், சிகாகோ நகர மக்களிடம் நடத்திய ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. பிடிபடுவோம் என்ற அச்சத்தைக் காட்டிலும், சட்டத்தை நடத்துபவர்கள் நேர்மையாக நடத்துகிறார்கள் என்ற நம்பிக்கையே மக்களைக் கட்டுப்படச் செய்வதில் வலிமையானது என்பது அதன் முடிவு. இந்த முடிவைத் தமிழ்நாட்டுச் சாலைக்குப் பொருத்திப் பார்த்தால், 'ஸ்டாஃப்' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் விலை 1,000 ரூபாயோடு நிற்கவில்லை என்பது விளங்கும். எல்லாச் சந்திப்பிலும் எல்லா நேரமும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. காவலர் இல்லாத சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்துவது அந்த நம்பிக்கைதான்.

இனி, மறுதரப்பின் வாதங்களைப் புறக்கணித்துச் செல்வது நேர்மை ஆகாது. காவலர் ஓட்டுதலில் சிறப்புப் பயிற்சி பெற்றவர், ஆகவே பொதுமக்களுக்கு ஆபத்தான வேகம் அவருக்கு ஆபத்தானதன்று என்பது முதல் வாதம். இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தன. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் உயர்நிலைப் பயிற்சி பெற்ற காவலர் ஒருவர் எம்54 நெடுஞ்சாலையில், அழைப்பு எதுவும் இன்றி, மணிக்கு 159 மைல் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 256 கிலோமீட்டர் வேகத்தில், காவல்துறைக் காரை ஓட்டினார். அந்தச் சாலையின் வரம்பு 70 மைல். புதிய காரைப் பழகிப் பார்த்ததாக அவர் சொன்னார். 2005இல் நீதிமன்றம் அவரை விடுவித்தபோது நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. மறுவிசாரணை வந்தது, குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தது, ஆனால் தண்டனை ஏதும் இல்லை. 2007இல் உயர் நீதிமன்றம் ஓட்டுநரின் தனித்திறனையும் கணக்கில் கொள்ளலாம் என்றது. 2009இல் வேறொரு காவலரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தள்ளி, ஓட்டிய விதம் ஆபத்தானதா என்பதே கேள்வி, ஓட்டியவரின் தனித்திறன் அதற்கு விடை ஆகாது என்று முடிவு கட்டியது. பயிற்சி பெற்ற காவலரை அதே பயிற்சி பெற்ற கவனமான காவலரோடு ஒப்பிட்டு மதிப்பிடும் ஏற்பாட்டை 2022ஆம் ஆண்டின் சட்டம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதுவும் காவல் பணியின் நோக்கத்துக்காக ஓட்டும் நேரத்துக்கு மட்டுமே. வேலைக்கு நேரமாகிவிட்டது என்பது காவல் பணியின் நோக்கம் ஆகாது.

திறனைப் பற்றிய வாதத்துக்கு இயற்பியலும் ஒரு விடை வைத்திருக்கிறது. தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொண்டால், உலர்ந்த சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஏறத்தாழ 28 மீட்டரில் நின்றுவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 83 மீட்டர் ஆகும். வேகம் இரு மடங்கு, நிற்கும் தொலைவோ மூன்று மடங்கு. பயிற்சி அந்த ஒரு விநாடியைச் சற்றுக் குறைக்கலாம். டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள பிடிமானத்தைப் பயிற்சியால் கூட்ட முடியுமா? மேலும், சாலையில் திறமையானவர் காவலர் ஒருவர்தானே? குறுக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் முதியவருக்கு அந்தப் பயிற்சியை யார் கொடுத்தது? சைரன் ஒலித்தால் அவர் ஒதுங்குவார். சைரன் இல்லாமல் வரும் வேகத்தை அவர் எதிர்பார்க்கவே மாட்டார்.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. திருட்டு நடக்கும் வீட்டை நெருங்கும்போது சைரனை நிறுத்திவிட்டுப் போவதே அறிவுடைமை. கண்காணிப்பில் இருக்கும் மப்டி காவலர், அதாவது சீருடையின்றிப் பணியில் இருப்பவர், சுழல்விளக்கைப் போட்டுக்கொண்டு பின்தொடர முடியாது. சரியே. அப்படியானால் அதற்குரிய வழி, அந்த நேரமும் காரணமும் கட்டுப்பாட்டு அறையில் பதிவாக வேண்டும் என்பதுதான். பதிவு இருந்தால் விலக்கு இருக்கட்டும். பதிவு இல்லாத விலக்கு, எல்லா நேரத்துக்குமான விலக்காகவே வளரும்.

மூன்றாவதாகச் சொல்லப்பட வேண்டியது, காவலர்களுக்காகப் பேச வேண்டிய செய்தி. காவல் ஜீப்பை ஓட்டுபவர் பெரும்பாலும் கடைநிலைக் காவலர். பின் இருக்கையில் இருப்பவர் அதிகாரி. 'சீக்கிரம் போப்பா' என்ற குரல் பின்னால் இருந்து வரும்போது, முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கைக் காட்டி 'ஐயா, சிக்னல்' என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்க முடியும்? இரவுப் பணி முடித்துத் தூக்கம் தொங்கும் கண்களோடு தம் பைக்கில் வீடு திரும்பும் காவலர், தலைக்கவசம் இல்லாமல் சென்றால் அவர் மீறுவது விதியை மட்டும் அன்று. அவர் பணயம் வைப்பது அவரது உயிரையும் அவரை நம்பியிருக்கும் குடும்பத்தையும். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் காவலர்களின் சாவுக்கான முதன்மைக் காரணங்களில் ஒன்றாகச் சாலை விபத்து நெடுங்காலமாக இருந்துவருவதால், அங்கே 2010இல் காவலர்களே தொடங்கிய ஓர் இயக்கம், சீட் பெல்ட் அணிவதையும் வேகத்தைக் கவனிப்பதையும் தன் முதல் அறிவுரைகளில் வைத்தது. இந்த விதிகள் காவலரைக் குற்றம் காண்பதற்காக உள்ளவை அல்ல. அவரும் வீடு சேர வேண்டியவர் என்பதற்காகவே உள்ளவை. அதேபோல், அதிகாரியின் அவசரத்துக்காகக் காவல் வண்டி விதியை மீறினால் ஓட்டிய காவலர் மட்டும் அபராதம் கட்டுவதும், ஆணையிட்ட அதிகாரி தப்புவதும் நியாயம் ஆகாது.

விதியை நடைமுறைப்படுத்த வேண்டியவரே அதை மீறும்போது என்ன செய்வது என்பதில் இந்தியச் சட்டம் பாராட்டத்தக்க துணிவைக் காட்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் சேர்த்த 210-பி பிரிவு, இச்சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரம் பெற்றவரே இச்சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்தால், அக்குற்றத்துக்குரிய தண்டத்தைப் போல் இரு மடங்கு அவர் செலுத்த வேண்டும் என்கிறது. மற்றவருக்கு 1,000 ரூபாய் என்றால் அவருக்கு 2,000. சலுகை எதுவும் வேண்டாம், சமமாக நடந்தால் போதும் என்று மக்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, சட்டம் சமத்துக்கும் மேலே சென்று, பொறுப்பு கூடியவருக்குத் தண்டமும் கூடும் என்றது. 2024ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில், வாகனங்களில் 'போலீஸ்', 'பிரஸ்', 'வழக்கறிஞர்' என்றெல்லாம் ஒட்டப்பட்டிருந்த அனுமதியற்ற ஸ்டிக்கர்களுக்கு எதிராகப் போக்குவரத்துக் காவல்துறை நடவடிக்கை எடுக்கத் தொடங்கியதும் இதே திசையில் எடுத்து வைத்த நல்ல அடி. அண்ணா நகரில் பொருத்தப்பட்ட, நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் கேமராக்கள் சீருடையைப் படிப்பதில்லை. 'ஸ்டாஃப்' என்ற சொல் அவற்றின் காதில் விழுவதும் இல்லை.

ஆனால் கேமரா எழுதிய சலான் காவல் நிலையத்தின் பெயருக்குச் சென்ற பிறகு என்ன ஆகிறது? 210-பி பிரிவு எத்தனை முறை பயன்படுத்தப்பட்டிருக்கிறது? இதை அறியப் புளோரிடாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது ஆவணங்களைக் கேட்டுப் பெற அந்தச் செய்தியாளர்களுக்கு இருந்த உரிமையை இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குரிய கெடு 30 நாள். இங்கே அமர்ந்திருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் மாவட்டத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு, மாநகரக் காவல் ஆணையர் அலுவலகங்களுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகங்களுக்கும் சில கேள்விகளை அனுப்பலாம். சென்ற ஆண்டில் காவல்துறை வாகனங்களின் பதிவெண்களுக்கு எத்தனை சலான்கள் எழுதப்பட்டன, அவற்றில் எத்தனை அவசரப் பணி என்ற காரணத்தால் கைவிடப்பட்டன, அந்தக் காரணத்தைச் சரிபார்த்தவர் எந்தப் பதவியில் இருப்பவர், இரு மடங்கு தண்டம் எத்தனை பேரிடம் வசூலானது, அவர்களில் ஆய்வாளர் நிலைக்கு மேற்பட்டவர் எத்தனை பேர்? இத்தகைய விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீட்டு மனுவை அனுப்பிவிட வேண்டும்.